பதர் என்று எழுதினேன்

1

இது நானாக எழுத நினைத்த கதை இல்லை. சேலத்திலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர், 1949 பொங்கல் மலருக்குப் "பறவைகளைப் பற்றி இலேசாக ஏதாவது" எழுதித் தரும்படி கார்டு போட்டிருந்தார். விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்க் கொக்கையும் நாரையையும் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எழுதினால் நாலு பக்கம் சுலபமாக வந்துவிடும் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆகிறது.

பழக்கம் வந்தது ஒரு வீட்டுப் பொடக்காலியில். எங்கள் பக்கத்தில் புழக்கடையை அப்படித்தான் சொல்வோம். அங்கே நான் குருவி பார்க்கப் போகவில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக, ஒரு மொட்டை மனுவை விசாரிக்கப் போனேன். விசாரித்து ஓர் அறிக்கை எழுதினேன்.

இன்று சரவணமுத்து என்ற என் பெயரில் பதினேழு கதைகள் அச்சில் இருக்கின்றன. ஆனால் நான் எழுதிய முதல் கதை அந்த அறிக்கைதான். மூன்று பிரதி எடுத்து முத்திரை குத்தினார்கள். என்னுடைய வேறெந்தக் கதையையும் இத்தனை பேர் நம்பியதில்லை.

ஆசிரியர் கேட்ட இலேசு இதில் இருக்காது. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடட்டும், தபால்தலை வைத்திருக்கிறேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்களில் மூன்று:

"1943-ஆம் வருஷம் கார்த்திகை மாதம், காவிரியின் வடகரையில், மேற்படி கிராமத்தில்..." — பழைய உத்தியோகப் புத்தி. அப்படியே போனால் "சமர்ப்பிக்கிறேன்" என்றுதான் முடியும்.

"சௌந்திரம் குருவிகளுக்கெல்லாம் தாயாக..." — இதை எழுதிவிட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டால் சிரிப்பாள்.

"குப்பாயிக்குப் பசித்தது." — இதுதான் சரியான தொடக்கம். இரண்டே சொல். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்தவன்போல் முதல் வரியிலேயே எழுதினால், நான் நல்லவனாகத் தொடங்கிவிடுகிறேன். ஆகவே எனக்குத் தெரியவந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

(ஊரின் பெயரை மணல்மேட்டுப்பாளையம் என்று வைத்திருக்கிறேன். தேடிப் போகாதீர்கள், அந்தப் பெயரில் அங்கே ஊர் கிடையாது. தாலுகாவின் பெயரும் வேண்டாம்.)

அது யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. விளைந்ததில் குடும்பத்துக்கும் விதைக்கும் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும். பதுக்கினால் வழக்கு. தாலுகா ஆபீசுக்குத் தினமும் மொட்டை மனுக்கள் வரும். பாதிக்கு மேல் பங்காளிச் சண்டை. அவற்றில் ஒன்றை என் பக்கம் தள்ளினார்கள். சந்தையில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவரின் கையெழுத்து. விஷயம் மட்டும் புதிது:

"மேற்படி ஊரில் காளியண்ணக் கவுண்டர் பெண்சாதி சௌந்திரம் தினமும் நல்ல கம்பைக் குருவிகளுக்கு இறைக்கிறார். ஏழைகள் பட்டினி. எடுக்கப் போனால் காக்காயை விரட்டுவதுபோல் விரட்டுகிறார். எசமானவர்கள் வந்து பார்க்க வேண்டியது."

ஆபீசில் படித்துவிட்டு எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

3

காலை எட்டு மணிக்குச் சைக்கிளில் போய் இறங்கினேன். காளியண்ணன் வாசலுக்கு ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். அந்த உயரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் குனிந்தே நின்றார். மனுவைப் பற்றிச் சொன்னேன்.

"எல்லாம் அளந்துபோட்டேனுங்க. ரசீது இருக்குதுங்க. மோர் குடிக்கறீங்களா?"

"அம்மா குருவிக்குத் தீனி போடுகிற இடத்தைக் காட்டுங்கள், போதும்."

"அது ஒரு பைத்தியமுங்க. நான் எத்தனையோ சொல்லிப்போட்டேன்."

பொடக்காலியில் ஒரு வேப்பமரம். அடியில் சப்பட்டையான துவைகல். அதன் பக்கத்தில் உடைந்த மொடாவின் அடிப்பாகத்தில் தண்ணீர். வலது பக்கம் மாட்டுக் கட்டுத்தறி. சமையல்கட்டின் மரக்கம்பிச் சன்னலுக்குப் பின்னால் ஓர் உருவம் நின்றது. எனக்குப் புறவாசற்படியில் ஒரு பலகை போட்டார்கள்.

"அங்க ஒக்காருங்க. கைய ஆட்டாதீங்க," என்று சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இப்பத்தான் வாரதுக்கு நேரம்."

ஒரு சர்க்கார் அதிகாரியிடம் கையை ஆட்டாதே என்று யாரும் சொன்னதில்லை. நான் ஆட்டவில்லை.

முதலில் சிட்டுக்குருவிகள், கூட்டமாக, சத்தமாக. பிறகு இரண்டு மணிப்புறாக்கள், கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வந்தவர்கள்போல் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தே வந்தன. தவிட்டுக்குருவிகள் வந்ததும் கூச்சல். எதற்குச் சண்டை என்று அவற்றுக்கே தெரியாது. ஒரு மைனா மற்றவற்றைப் பார்க்காததுபோல் நின்று, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

"அந்தக் கொண்டக்காரன் கம்பு திங்க வரலீங்க," என்றது சன்னல். தலையில் விசிறிக் கொண்டையோடு ஒரு கொண்டலாத்தி தண்ணீர் சிந்திய ஈரமண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. "புழுவுக்கு வாரான். கூட்டத்தோட நின்னா ஆரும் கேக்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியுமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு வயதுவரை குருவி என்றால் குருவி, அவ்வளவுதான் எனக்கு. அன்று அரைமணி நேரத்தில் அவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாகிவிட்டன.

விசாரணை செய்ய வேண்டுமே என்று நினைவு வந்து கேட்டேன். "எதற்காகப் போடுகிறீர்கள்? ஏதாவது வேண்டுதலா?"

"இல்லீங்க."

"செத்தவர்களை நினைத்தா?"

"அதுக்குக் காக்காய்க்குத் தனியாச் சோறு வெக்கறதுங்க."

"பின்னே?"

"பாக்கறதுக்குத்தானுங்க."

"பார்த்து?"

"பாக்கப் புடிச்சிருக்குதுங்க. வேறொண்ணுமில்ல."

[இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. பெண்ணாக அல்ல, பாத்திரமாக. ஒரு கதையில் ஒருத்தி பஞ்ச காலத்தில் குருவிக்குக் கம்பு இறைத்தால் அதற்குக் காரணம் வேண்டும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். இரண்டாவது வரைவில் அவளுக்கு ஒரு குழந்தையைக் கொடுத்துச் சாகடித்தேன். மூன்றாவதில் அவள் தம்பியை மலாயாவுக்கு அனுப்பி, கடிதம் வராமல் செய்தேன். உண்மையில் அவளுக்கு இரண்டு பெண்கள். இருவரையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்திகளும் இருந்தார்கள். அவள் பார்த்தது பிடித்திருந்ததால்தான். நீங்கள் நம்பாவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய?]

அவள் தொடர்ந்தாள். "போன மாசம் ஒண்ணு வந்துச்சுங்க. முதுகு பச்ச, வகுத்தடி செகச்செகன்னு, வாலே இல்ல. கண்ணுல மை தீட்டுனாப்புல கறுப்பு. அப்படியொண்ண நான் பொறந்து பாத்ததில்ல. மூச்சுக்கூட உடாம நிக்கறேன், ஆரோ குனிஞ்சாங்க, பறந்துருச்சு. ஆத்திரத்துல வாயில வந்தபடி வெரட்டிப்போட்டேன்."*

(* ஆறுமணிக் குருவி என்று பின்னால் ஒருவர் சொன்னார். ஐப்பசியில் நம் பக்கம் வந்து இறங்குமாம்.)

"எடுக்கப் போனால் காக்காயை விரட்டுவதுபோல் விரட்டுகிறார்" என்ற வரி என் சட்டைப்பையில் இருந்தது. யார் குனிந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் கிளிகள் நாலைந்து வேம்பிலிருந்து இறங்கின. நான் கிளிகளைப் பார்த்தேன்.

கிளம்பும்போது கல்லிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினேன். எதுவும் பறக்கவில்லை. முற்றிய, கனமான, நல்ல கம்பு. காளியண்ணன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் பூட்டிய உள்ளறை ஒன்று இருந்தது. நான் திறக்கச் சொல்லவில்லை.

4

லஞ்சம் வாங்கினேன் என்றால் இந்தக் கதை எளிதாக முடிந்துவிடும். மோர்கூடக் குடிக்கவில்லை. என்னை வாங்கியது குருவிகள்.

அன்று மாலை சத்திரத்தில் உட்கார்ந்து எழுதினேன். உள்ளதை எழுதினால் வழக்கு. உள்ளறை திறக்கப்படும். அந்தச் சன்னலுக்குப் பின்னால் நின்ற பெண் கச்சேரிப்படி ஏறுவாள், பொடக்காலி வெறிச்சோடிப் போகும். ஒரு பிடி கம்பில் யுத்தம் ஜெயித்துவிடப் போகிறதா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நல்ல கேள்வியாகத் தோன்றியது. எழுதினேன்:

"பறவைகளுக்கு இடப்படுவது களத்தில் கூட்டியெடுத்த பதரும் தூசியுமே. மனு உண்மைக்குப் புறம்பானது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்துப் பார்த்தேன். கடைசி வாக்கியம் முடியாததுபோல், காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஓசைக்காக இரண்டு சொல்லைச் சேர்த்தேன்.

"மனு உண்மைக்குப் புறம்பானது, காழ்ப்பினால் எழுதப்பட்டது."

இப்போது நன்றாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று எனக்கு ஒரு சந்தோஷம் ஏற்பட்டது. ஒரு வாக்கியம் சரியாக அமைந்தால் வருகிற சந்தோஷம். அதற்குப் பிறகுதான் கதை எழுதலாம் என்றே எனக்குத் தோன்றியது.

மனுவை யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. காழ்ப்பு யாருடையது என்று கேட்காமலே காழ்ப்பு என்று எழுத முடிகிறது பாருங்கள்.

5

மூன்று மாதம் கழித்து, மாசியில், மறுபடி அந்தப் பக்கம் முகாம். இதற்குள் நான் மாறியிருந்தேன். ஆற்றோரமாகப் போனால் சுற்றுவழி. ஆனாலும் அப்படியே போனேன். தண்ணீர் வடிந்து காவிரியில் மணல்திட்டுகள் எழும்பியிருந்தன. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடிக்கு ஒருதரம் நின்றேன். வாலாட்டிகள் ஈரமணலில் ஓடின. ஆள்காட்டி ஒன்று என்னைக் கண்டு ஊருக்கெல்லாம் சொல்லிற்று. அலகு மஞ்சளாக, வெள்ளை வெளேரென்று ஆலாக்கள் தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் நின்று, பிறகு கல் விழுவதுபோல் விழுந்தன. பொடக்காலியில் ஒருத்தி தீனி வைத்துக் கூப்பிட வேண்டியிருந்தது. இங்கே யாரும் கூப்பிடவில்லை.

"சாமி."

திரும்பினேன். கோரை அறுக்கும் அரிவாளுடன் ஒரு பெண் பத்தடி தள்ளி நின்றாள். நெடுநெடுவென்று, எலும்பும் தோலுமாக. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நீங்கதானுங்களே பதருன்னு எழுதுன சாமி?"

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று.

"அது பதர் இல்லீங்க. நான் மடியில அள்ளுனேன். எனக்குத் தெரியாதுங்களா? நல்ல கம்பு."

அவள் பெயர் குப்பாயி. காளியண்ணன் வீட்டுக் கட்டுத்தறியில் சாணி அள்ளும் வேலை. புருஷன் அம்மாசி கால் வீங்கிப் படுத்துவிட்டான். ஐப்பசி, அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம். வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை. சாணிக்கூடையோடு போனவள் கல்லின்மேல் கம்பைப் பார்த்தாள். குனிந்தாள்.

"கவுண்டிச்சி உள்ளிருந்து ஓஓன்னு கத்துனாங்க. போ போன்னு. காக்காயத் தொரத்தறாப்புல. கேட்டுத்தான் எடுத்திருக்கோணும், நான் இல்லீங்கல. ஆனா காக்காயக்கூட அவுங்க அப்படித் தொரத்தி நான் பாத்ததில்ல சாமி."

சந்தைக்குப் போய் மனு எழுதச் சொன்னது அவள்தான். என் அறிக்கையை மணியக்காரர் சாவடியில் உரக்கப் படித்திருக்கிறார். காழ்ப்பு என்று வந்ததும், யாருடைய காழ்ப்பு என்று ஊர் தேடியது. விரட்டப்பட்டவள் ஒருத்திதான். அவ்வளவுதான். கம்பு அறுப்புக்குக் கூப்பிடவில்லை, சோள அறுப்புக்கும் கூப்பிடவில்லை. பொய்க்காரி வயலில் இறங்கினால் ஆகாதென்று சொல்லிவிட்டார்கள். கோரை அறுத்துப் பாய்க்காரர்களுக்குப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ அன்றைக்கே என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு நானும் அங்கதானுங்க நின்னேன். கட்டுத்தறியில. நீங்க வந்ததுலருந்து போறவரைக்கும். கூப்புடுவீங்கன்னு பாத்தேன்."

நான் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தேன். மணிப்புறாவின் கழுத்துப் புள்ளிகள்வரை நினைவிருந்தது. கட்டுத்தறியில் யாரும் இல்லை.

"உனக்கு இப்போது என்ன வேண்டும்?"

அவள் அரிவாளைக் கைமாற்றிக்கொண்டாள். "எழுதுனத மாத்தி எழுதுங்க."

[என்னிடம் இதுவரை எத்தனையோ பேர் கதைகளைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நியாயமாக யாரும் கேட்டதில்லை.]

"பார்க்கிறேன்," என்றேன். உத்தியோகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோரைப் பக்கம் போய்விட்டாள்.

6

மாற்றி எழுதினால் என் வேலை போகும். அதனால் நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். சௌந்திரத்திடம் சொல்லிக் குப்பாயிக்கு வேலை கொடுக்கச் செய்துவிடலாம், அறிக்கை அப்படியே இருக்கட்டும். நேராக அந்த வீட்டுக்குப் போனேன். காளியண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தார். இந்தத் தடவை சௌந்திரம் சன்னலுக்குப் பின்னால் நிற்கவில்லை, புறவாசலுக்கே வந்தாள். வட்ட முகம், நரைத்த நெற்றிமயிர். கல்லில் குருவிகள் இருந்தன. நான் அவற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

நான் சொல்லி முடித்ததும், "குப்பாயியா?" என்றாள். "எங்க கட்டுத்தறிக் குப்பாயியா? அவளா நின்னுபோட்டாள்னுதான் இவுங்க சொன்னாங்க."

"அன்றைக்குக் குனிந்தது அவள்தான்."

கல்லின் பக்கம் திரும்பினாள்.

"நான் குருவியத்தானுங்க பாத்தேன்," என்றாள். "எனக்கு ஒரு முதுகு தெரிஞ்சுது. ஆரு முதுகு, எதுக்குக் குனிஞ்சுதுன்னு பாக்கலீங்க. பத்து வருசமா எங்கூட்டுக்கு வாரவ." பிறகு என்னைப் பார்த்தாள். "பதருன்னா எழுதுனீங்க?"

"ஆமாம்."

"கையில எடுத்து ஊதிப் பாத்தீங்களே. ஏனுங்க அப்படி எழுதுனீங்க?"

"உங்களுக்காகத்தான்."

"நான் கேக்கலீங்களே."

மறுநாள் சாவடியில் கணக்குத் தணிக்கை. மணியக்காரர், காளியண்ணன், இன்னும் பதினைந்து இருபது பேர். பதினொரு மணி இருக்கும். பேச்சு திடீரென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். சௌந்திரம் சாவடிப் படிக்குக் கீழே நின்றாள். அந்த வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே வந்து நின்றதில்லை.

"ஊட்டுக்குப் போ புள்ள," என்றார் காளியண்ணன்.

"போறேனுங்க. ஒண்ணு சொல்லிப்போட்டுப் போறேன்." "நான் குருவிக்குப் போட்டது கம்புங்க. பதர் இல்ல. குப்பாயி எழுதிப்போட்டது அத்தனையும் நெசம். வெரட்டுனதும் நெசம். உள்ரூட்டுல ரண்டு மூட்டை மறைவா இருக்குது, அதையும் பாத்துக்குங்க. அவளப் பொய்க்காரின்னு இனி ஆரும் சொல்ல வேண்டாம்."

காளியண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மணியக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க வந்து பாத்துப்போட்டுத்தானுங்களே பதருன்னு..."

[முதல் வரைவில் இந்த இடத்தில் நான் எழுந்து நின்று, "தவறு என்னுடையது" என்கிறேன். சபை வாயடைத்துப் போகிறது. நல்ல காட்சி. நாலு வரி வசனம்கூட எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். நான் எழுந்து நிற்கவில்லை. மைக்கூட்டின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு, "பரிசீலிக்க வேண்டும்" என்றேன். ஒரு கிழவர் சிரித்தார்.]

அன்று மாலை இரண்டாவது அறிக்கையை எழுதினேன். "மேற்படி தானியம் கம்பு. என் முந்தைய அறிக்கை உண்மையல்ல. தெரிந்தே எழுதினேன்." தாசில்தார் நல்ல மனிதர். "தெரிந்தே என்பதை எடுத்துவிட்டுக் கவனக்குறைவு என்று போடும். கண்டிப்போடு போகும்," என்றார். பேனாவைக்கூட நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாலு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். பிறகு வாழப்பாடிப் பக்கம் குமாஸ்தாவாகப் போட்டார்கள். சில வருஷத்தில் அந்த வேலையையும் விட்டுவிட்டேன்.

7

முடிவு.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூட்டையையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. காளியண்ணன் பெண்டாட்டியோடு பேசாமல் இரண்டு மாதம் தோட்டத்துச் சாளைக் குடிசையிலேயே படுத்தார். பிறகு பேசினார். பொடக்காலிக் கல்லில் அதற்கப்புறம் தீனி இல்லை. தவிட்டுக்குருவிகள் மட்டும் சில நாள் வந்து கத்திவிட்டுப் போனதாகக் கேள்வி. குப்பாயியை ஊர் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டது. போனாள். காளியண்ணன் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. சௌந்திரம் ஆள் மூலம் ஒரு கூடை கம்பு கொடுத்தனுப்பியதற்கு, கூடை அப்படியே திரும்பி வந்ததாம். "குருவிக்கே போடச் சொல்லுங்க. எனக்கு வேல இருக்குது," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நான் கடைசியாக அங்கே போனது பங்குனி முடிவில், பதிவேடுகளை ஒப்படைக்க. அக்கரைக்குப் பரிசலில் போய், ரயிலேறி ஈரோடு வழியாகச் சேலம் திரும்புவதாக ஏற்பாடு. பரிசலுக்குக் காத்திருந்தபோது இருவரையும் பார்த்தேன்.

சௌந்திரம் கரைமேட்டுப் பூவரச நிழலில் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஆற்றுக்கு வந்து பார்க்கப் பழகிக்கொண்டாள் போலும். குப்பாயி கீழே, நீரோரமாகக் கோரை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் நாற்பது ஐம்பது தப்படி மணல். ஒருத்தி இருப்பது மற்றவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். குப்பாயி கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு திட்டின் குறுக்கே நடந்தாள். சட்டென்று ஆலாக்கள் கிளம்பிக் கத்தின. இரண்டு, மூன்று, பிறகு பத்து. அவள் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து திரும்பின. அவள் நின்றுவிட்டாள். காலடியில் மணலைப் பார்த்தாள். வெறும் மணலில்தான் அவை முட்டையிடும், மண்நிறத்தில் புள்ளிபோட்ட முட்டை. மிதித்த பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரியும். கட்டை மெதுவாக இறக்கித் தள்ளி வைத்தாள். கரைப் பக்கம் திரும்பி, வாயில் கையைக் குவித்து ஏதோ சொன்னாள்.

ஆலாக்களின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்தவை:

"கவுண்டிச்சி, முட்டை கெடக்குது, வந்து பாருங்க!" — மலர் ஆசிரியருக்குப் பிடிக்கும். பொங்கலுக்குப் பொருத்தம்.

"உங்க குருவிய நீங்களே ஓட்டிக்குங்க!" — இதுவும் நியாயம்தான். எனக்கு ஒரு நாள் இதுதான் சரி என்று தோன்றுகிறது, மறுநாள் தோன்றுவதில்லை.

"இந்தக் கட்டத் தூக்கி உடுங்..." — இதைப் பாதியில் விட்டுவிட்டேன். சௌந்திரம் குப்பாயி தலைக்குச் சுமை தூக்கிவிடுவாளா, குப்பாயிதான் கேட்பாளா, அந்த ஊரில் அது நடக்குமா என்று யோசித்துக்கொண்டே மை காய்ந்துபோயிற்று.

சௌந்திரம் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரைமேட்டிலிருந்து மணலில் இறங்கினாள். வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை. குப்பாயி நின்ற இடத்திலேயே நின்றாள். பரிசல்காரர், "ஏனுங்க, ஏறுங்க, காத்து மாறுது," என்று கூப்பிட்டார். ஏறினேன். பரிசல் ஒரு சுற்றுச் சுற்றி நீரோட்டத்தில் திரும்பியபோது திட்டின் மறுபக்கம் வந்துவிட்டது. ஆலாக்கள் மட்டும் மேலே தெரிந்தன.

ஒருமுறை காணாததை எழுதிவிட்டு வந்தவன் நான். இன்னொருமுறை வேண்டாம். நான் அக்கரைக்குப் போய்விட்டேன். கரையில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் போய், காதைக் கொடுத்துக் கேளுங்கள், அவள் என்ன சொன்னாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். சௌந்திரம் போய்ச் சேர்ந்து என்ன பதில் சொன்னாள் என்பதையும் நீங்களே எழுதலாம்.

ஒன்றுமட்டும் நான் கண்ணால் பார்த்தது. பங்குனி வெயில், பத்து மணி, மணல் பொரிந்துகொண்டிருந்தது. செருப்பைப் பூவரச நிழலிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் அவள் இறங்கினாள். அதை மாற்றிவிடாதீர்கள்.